பதினோராம் நாள் விலக்கு

முத்துவடிவு அம்மாள் மறுபடியும் வீட்டுக்கு விலக்காகிவிட்டாள்.

அதுவும் எப்போது? பதினெட்டு இலை விழவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில். சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று ஏனத்தில் எடுத்து வைத்தாள். வைத்த கையோடு, "ஏட்டி குழலு, நான் அங்கன போயிருதேன். நீ பாத்துக்கிடு" என்றாள். அவ்வளவுதான். மாட்டுத் தொழுவை ஒட்டின பின்னறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

முருங்கைக்காயும் அரிவாள்மணையுமாக மருமகள் குழல்வாய்மொழி அப்படியே நின்றாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. சுரண்டையிலிருந்து குற்றாலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம். புருஷன் பால்வண்ணநாதன் மதுரையில் ரயில்வே உத்தியோகம். மாதத்துக்கு ஒரு தரம் வந்து, இரண்டு நாள் அருவியில் குளித்துவிட்டுப் போவான். வீட்டில் மாமனார், மாமியார், அவள். இவர்கள் போக சீசனுக்கு வந்து தங்கும் ஆட்கள்.

மாமனார் வல்லிநாயகம் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு காலத்தில் கோயில் நிலம், நெல், மரியாதை எல்லாம் இருந்தது. இந்த அறுபத்திரண்டாம் வருஷத்தில் மிஞ்சியிருந்தது நீளமான வீடும், முத்துவடிவின் கைப்பக்குவமும்தான். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் நான்கு அறைகளைச் சீசன் ஆட்களுக்கு விட்டு, சைவச் சாப்பாடும் போடுவார்கள். வருஷத்துச் சோறு அந்த மூன்று மாதத்தில் வேக வேண்டும். பிள்ளைவாள் வீட்டுச் சாப்பாடு என்றால் அதற்கு ஒரு பெயர். சுவை ஒரு பங்கு, சுத்தம் ஒரு பங்கு. குளிக்காமல் யாரும் அடுப்படி வாசல் தாண்டக்கூடாது. கொல்லைக்குப் போய்விட்டு வந்தால் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் அடுப்பைத் தொடலாம். விலக்கு நாளில் மூன்று நாள் பின்னறை. தனித் தட்டு, தனிப் பாய். எதிரே வந்தாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குழல் சொதியை இறக்கினாள். இஞ்சித் துவையல் அரைத்தாள். உருளைக்கிழங்கை வதக்கினாள். வெளியே சாரல் ஓட்டில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. கை வேலையில் இருந்தது. மனசு மட்டும் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டது.

போன தரம் அத்தை விலக்கானது ஆனி பத்து. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கத்தரிக்காய் மூட்டை வந்து இறங்கிய நாள். ஆய்ந்து வைக்க ஆள் இல்லாமல் திண்டாடினது நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கு ஆனி இருபத்தொன்று. பதினோரு நாள். அதற்கு முந்தின தரம்? வைகாசி இருபத்தெட்டு.

அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் அத்தைக்கு விலக்கே கிடையாது. நின்று போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரியும். நின்றது இந்தச் சீசனோடு திரும்பி வந்திருக்கிறது.

"அது பெரும்பாடுட்டி. அம்பது வயசுல சில பேருக்குத் தீட்டு இப்படித்தான் நிக்காம ஆட்டிவைக்கும்" என்று அத்தையே சொல்லியிருந்தாள். அதை நம்பிக் குழலும் வாழைப்பூவை ஆய்ந்து ஆய்ந்து வேகவைத்துக் கொடுத்தாள். அத்திப்பட்டைக் கஷாயம் வைத்தாள். அத்தை எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் குடித்தாள். ரவிக்கை மட்டும் தோளில் நிற்காமல் நாளுக்கு நாள் நழுவிக்கொண்டே வந்தது.

பந்தியில் கோவில்பட்டி நெல்லையப்பன் முதல் கவளத்திலேயே தலையைத் தூக்கினார். தீப்பெட்டி ஆபீஸ்காரர், வருஷம் தவறாமல் வருகிறவர்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குச் சொதி சின்னம்மா கையா?"

"ஆமா. ஏன், நல்லா இல்லையோ?" என்றார் பிள்ளை.

"நல்லாத்தான் இருக்கு. பெரியம்மா கைன்னா நான் துவையலையே தொட மாட்டேன். இன்னைக்குத் துவையல் கொஞ்சம் கூடுதலாத் தேவைப்படுது, அவ்வளவுதான்."

பந்தி சிரித்தது. குழலுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் வண்ணாத்தி வள்ளித்தாய் அழுக்கெடுக்கப் புறவாசலுக்கு வந்தாள். மூட்டையைக் கட்டினவள் உடனே தூக்காமல், சாரலில் நனைந்தபடி நின்றாள்.

"சின்னாச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"துணியில பாத்ததை வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க மாமியா படிச்சுப் படிச்சுச் சொல்லுவா. எந்த வீட்டுல யாரு முழுகாம இருக்கா, யாருக்குக் கலைஞ்சு போச்சு, எல்லாம் எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். இந்த முப்பது வருசத்துல ஒரு சொல்லு வெளிய போனதில்ல."

"இப்ப எதுக்கு இவ்வளவு பீடிகை?"

வள்ளித்தாய் பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பெரியாச்சி துணி... அது தீட்டுத் துணி இல்ல தாயி. தீட்டு இப்படி இருக்காது. கறுப்பா, சளி சளியாக் கலந்து கெடக்கு. வாடையே வேற. கறையும் இருக்க வேண்டிய பக்கம் இல்ல. பின்பக்கம்."

குழல் சாரலில் இறங்கி அவள் பக்கத்தில் போனாள். "வள்ளித்தாயி, நிசமாத்தான் சொல்லுதியா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போவுது? ஒரு மாசமாப் பாக்கேன். அவுக மெலியுததையும் பாக்கேன். இதுக்கு மேல வாயப் பொத்திக்கிட்டிருந்தா அந்தப் பாவம் எனக்குத்தான்." சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிற்றாற்றுப் பக்கமாக விறுவிறுவென்று போய்விட்டாள்.

குழல் நேரே பின்னறைக்குப் போனாள். வாசலோடு நிற்க வேண்டும் என்பது முறை. அவள் உள்ளே நுழைந்து அத்தையின் பாயிலேயே உட்கார்ந்தாள்.

"ஏட்டி! தொடாத! தீட்டு!" முத்துவடிவு பதறிச் சுவரோடு ஒட்டினாள்.

"எந்தத் தீட்டு அத்தை?"

முத்துவடிவு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தொழுவில் பசு மணி ஆட்டிற்று.

"பதினோரு நாளைக்கு ஒருக்க எந்தப் பொம்பளைக்கு வரும்? எனக்கு இப்பவே சொல்லணும். இல்லாட்டா மாமாவைக் கூப்பிடுவேன்."

"வேண்டாம்ளா, வேண்டாம்!" முத்துவடிவு மருமகளின் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். தீட்டு கீட்டு எல்லாம் மறந்து போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தாள். "மூலம்ட்டி. ரெண்டு வருசமா இருக்கு. மொதல்ல எப்பவாவது சொட்டும். கருணைக்கிழங்கு தின்னேன், மோரு குடிச்சேன், கொஞ்சம் கேக்கும். சீசன் கடையில மூல மோதிரம்னு ஒண்ணு வித்தான், அதையும் வாங்கிப் போட்டுக்கிட்டேன். இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை வருது. ஓடிப்போய் உக்காந்தா ரத்தமும் சளியுந்தான். எந்திரிச்சு வந்தா இன்னும் பாக்கி இருக்க மாதிரியே இருக்கு."

"இதை ஏன் அத்தை விலக்குன்னு சொல்லணும்?"

"பொறவு என்ன செய்ய? கொல்லைக்குப் போனா முழுகணும்லா? எட்டுத் தடவை முழுகி எட்டுச் சேலை மாத்தினா உங்க மாமா கேக்க மாட்டாகளா? பதில் சொல்ல முடியுமா? சோறு போடுத வீடு. பொங்குத பொம்பளைக்கு அங்கன ரத்தம் ஒழுகுதுன்னு ஒருத்தன் காதுல விழுந்தா நாளைக்கு எவன் நம்ம வீட்டுல இலை போடுவான்? விலக்குன்னு சொல்லிட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான். மூணு நாளு நிம்மதியாக் கெடப்பேன். கொல்லை பக்கத்துலயே இருக்கு."

குழலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் வாழைப்பூவா அவிச்சுப் போட்டேன். கையில வாங்கி வாங்கித் தின்னியளே!"

"நீ ஆசையாச் செஞ்சுக்கிட்டு வந்த. வேண்டாம்னா எப்படிச் சொல்லுவேன்?"

அன்று சாயங்காலம் வரைக்கும் மன்றாடி ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். தென்காசியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாள், பெண்பிள்ளைகளை மட்டும்தான் பார்க்கிறாள், போவோம். முத்துவடிவு ஒரு நிபந்தனை போட்டாள். "பெரும்பாடுன்னுதான் சொல்லணும். மத்ததை நீ வாயைத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணு." குழல் சத்தியம் பண்ணினாள்.

நான்காம் நாள் முழுகிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். "பொம்பளை சமாச்சாரம்" என்றதும் பிள்ளை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டார்.

டாக்டர் மெஹர் பானு கடையநல்லூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். முக்காட்டுக்கு மேலே குழாயை மாட்டிக்கொண்டு வேகமாகப் பேசுகிறவள். முத்துவடிவு ஒப்பித்த பெரும்பாட்டுக் கதை முழுவதையும் கேட்டாள். திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியா எப்ப ரத்தம் பட்டுது?"

"இன்னைக்குக் காலையில கூட" என்றாள் முத்துவடிவு.

"அம்மா, உங்க கர்ப்பப்பை சுத்தமா இருக்கு. ஒரு பொட்டு ரத்தம் இல்ல. அங்க வராத ரத்தத்துக்கு நான் எப்படி மருந்து எழுதுவேன்?"

முத்துவடிவு மேஜை விரிப்பைப் பார்த்தாள். டாக்டர் குழலைப் பார்த்தாள். குழல் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு குதிரை வண்டிக்காரன் யாரையோ வைதுகொண்டிருந்தான். அவன் வைது முடிக்கிற வரைக்கும்தான் அவளால் தாங்க முடிந்தது.

"பின்பக்கமா வருது டாக்டர். ரெண்டு வருசமா."

"பாவி!" என்றாள் முத்துவடிவு. "சத்தியம் பண்ணினயே!"

"பண்ணினேன். அந்தப் பாவத்தை நான் சுமந்துக்கிடுதேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மூலம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரத்தம் போச்சுன்னா மூலந்தானே?"

"பத்துப் பேருல ஒம்பது பேருக்கு மூலமோ வெடிப்போதான். அந்தப் பத்தாவது ஆளு யாருன்னு கையை வச்சுப் பாத்தாத்தான் தெரியும். எல்லாருக்கும் மூலந்தானேன்னு விட்டா அந்தப் பத்தாவது ஆளு செத்துப் போவா. மறுபடியும் படுங்க."

"அங்கனயா?" முத்துவடிவு சேலையை இறுகப் பற்றிக்கொண்டாள். "ஐயோ, வேண்டாம் தாயி. என் புருசன்கூட..."

"உங்க புருசனுக்கு அங்க என்ன வேலை? எனக்கு வேலை இருக்கு. ஒரு நிமிசம். ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலை மடக்குங்க. மூச்சை விடுங்க. அவ்வளவுதான்."

திரைக்கு இந்தப் பக்கம் குழல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். டாக்டரிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சற்று முன்வரை கடகடவென்று பேசினவள் இப்போது பேசாமல் இருந்ததுதான் குழலுக்குப் பயமாக இருந்தது.

முத்துவடிவை வெளிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினாள்.

"மூலம் சாதாரணமா விரலுக்குத் தட்டுப்படாது. தட்டினாலும் மெத்துனு இருக்கும். இது கல்லு மாதிரி, ஓரம் தூக்கிக்கிட்டு, நடுவுல புண்ணா இருக்கு. புத்து நோயாத்தான் இருக்கும். ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிச்சாத்தான் முடிவாச் சொல்லலாம். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில சர்ஜன் இருக்காரு, சீட்டு எழுதித் தாரேன்."

குழல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நல்லது இருக்கு. கேட்டுக்கோங்க. தள்ளிப் பாத்தேன், அசையுது. எலும்போட ஒட்டலை. ஒட்டாதவரைக்கும் அறுத்து எடுக்கலாம். ஒட்டிட்டா எவராலயும் முடியாது. அது ஒட்டுதது இந்த மாசமா அடுத்த மாசமான்னு நான் சொல்ல முடியாது. அதனால நாளைக்குப் போனா நல்லது. ஒரு வாரத்துக்குள்ள போயே ஆகணும்."

"அறுத்தா... பொறவு எப்படிப் போவாக?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "ரொம்பக் கீழ இருக்கு. பின்வழியை அடைச்சுட்டு வயித்துல ஒரு வழி வைக்க வேண்டி வரலாம். அதோட இருபது வருசம் இருக்கவங்களும் இருக்காங்க. இதையும் அவங்ககிட்டச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும். மறைக்காதீங்க. மறைச்சதெல்லாம் போதும்."

பஸ்ஸில் திரும்பும்போது குழல் மெதுவாகச் சொன்னாள். முத்துவடிவு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். இலஞ்சி தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வயித்துல வழி வச்சுட்டா அடுப்படிக்குள்ள நான் போலாமாட்டி?"

குழல் டாக்டர் எழுதின சீட்டை மடித்துத் தலைப்பில் முடிந்தாள்.

அன்று மாலை முன்கூடமான பட்டாசலில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருந்த மாமனாரிடம் அவள் நின்றபடியே ஆரம்பித்தாள். "மாமா, அத்தைக்குப் பெரும்பாடு இல்ல. பின்வழியில கட்டி. பாளையங்கோட்டைக்கு..."

பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. மருமகள் வாயால் கேட்கிற பேச்சா இது? "சரி சரி, மூலமா? அதுக்கா இந்தப் பாடு?" என்று கையை ஆட்டினார். "மூலத்துக்குப் பாளையங்கோட்டையில போய் அறுக்கவா செய்வாக? செங்கோட்டை தாண்டிப் புனலூர்ல ஒரு வைத்தியன் இருக்கான். நூலைக் கட்டி உதுத்து விட்டுருவான். ஆவணி முடியட்டும், கூட்டம் கொறையும். நானே கூட்டிட்டுப் போறேன்."

"மாமா, டாக்டரம்மா மூலம் இல்லன்னு..."

"ஆவணின்னு சொல்லிட்டேம்லா? இந்தப் பேச்சு சாப்பாட்டுக்கு வந்தவுக காதுல விழப்படாது. போ, உள்ள போ."

குழல் மதுரைக்குக் கடிதாசி எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது: அப்பா சொல்லுகிறபடி செய்யவும், நான் ஆடி அமாவாசைக்கு வருகிறேன். அதைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். ராத்திரி கண்ணை மூடினால் "அசையுது, ஒட்டலை" என்ற டாக்டரின் குரல். பகலில் சோறு வடிக்கும்போது, இந்த நேரத்துக்கு ஒட்டியிருக்குமோ, இந்த நேரத்துக்கு ஒட்டியிருக்குமோ என்று கஞ்சி கையில் கொட்டும். அத்தை மூன்று நாள் அடுப்படிக்கு வந்தாள். நான்காம் நாள் பின்னறைக்குப் போய்விட்டாள். பிள்ளை பேப்பர் படித்தார். சாரல் நின்றபாடில்லை. சீசன் பிரமாதம் என்று ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் ஒரே ஒரு நாள் மிச்சம். காலை எட்டரை மணிக்கு இருபத்திரண்டு பேர் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அருவிக்குப் போயிருந்தார்கள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி களைந்து தயாராக இருந்தது. குழல் அரிசியைப் போடவில்லை. விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை அடங்குகிற வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு அடுப்படி வாசலுக்கு வெளியே வந்தாள்.

"மாமா, நான் விலக்கு."

பிள்ளை பேப்பரைத் தாழ்த்தினார். "நீயுமா? இப்பமா? உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

சொல்லிவிட்டு ஒரு தட்டும் பாயும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அங்கே முத்துவடிவு கால் நீட்டி உட்கார்ந்து, பூசணி விதை உரித்துக்கொண்டிருந்தாள். மருமகளையும் பாயையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்கு மாசத்துல பதினஞ்சாந்தேதிலா? முழுகி ரெண்டு வாரங்கூட ஆகலையே?"

"ஆமா."

"பொறவு?"

"உங்களுக்கு ஒன்றரை வருசம் முந்தியே நின்னு போச்சுலா? நீங்க இங்கன உக்காந்திருக்கலையா?"

முத்துவடிவு ஒரு கணம் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது. குழலுக்கும் தொற்றிக்கொண்டது. வெளியே கேட்டுவிடக் கூடாதென்று இரண்டு பேரும் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் முத்துவடிவுக்கு வயிற்றைச் சுருட்டி இழுத்தது. எழுந்து கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எதுக்குட்டி இதெல்லாம்? சீசன் கெட்டுப் போவும்."

"கெடட்டும். சீசன் முடியட்டும்னுதானே மாமா சொல்லுதாக? முடிச்சு வச்சுட்டேன்."

"நான் வரமாட்டேன் குழலு." முத்துவடிவு விதையைக் கீழே வைத்தாள். "யோசிச்சுப் பாத்துட்டேன். மூணு நாளு ஒதுங்கிக் கெடக்குதது வேற. வயித்துல வழிய வச்சுக்கிட்டு ஆயுசுக்கும் இந்தப் பாயில கெடக்கதுக்கா அறுக்கச் சொல்லுத? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பொங்குததுதான். அதுவும் இல்லைன்னா நான் எதுக்கு?"

"நாளைக்கு நானும் நீங்களும் இல்லாத அடுப்படிக்குச் சுத்தம் எதுக்கு அத்தை? அந்தச் சட்டத்தைப் போட்ட அடுப்பே இப்ப அணைஞ்சு கெடக்கு. நீங்க உசிரோட திரும்பி வாங்க. எந்த ஆம்பளை உங்களை அடுப்படி வாசல்ல மறிக்கான்னு பாக்கேன். மறிச்சா நான் மறுபடியும் விலக்கு. மாசம் முப்பது நாளும் விலக்கு."

முத்துவடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வைத்த பூசணி விதையை மறுபடி கையில் எடுத்தாள்.

பட்டாசலில் சத்தம் எழும்ப ஆரம்பித்தது. அருவியில் குளித்துப் பசியோடு வந்தவர்கள். "அண்ணாச்சி, இலை போடலையா?" "என்ன அண்ணாச்சி, அடுப்புல பூனை படுத்திருக்கு?" நெல்லையப்பனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பிள்ளை என்னவோ சமாதானம் சொன்னார். சொந்தக்காரி ஒருத்தியைக் கூப்பிட மேலகரத்துக்கு ஆள் அனுப்பினார். அவள் பேறுகாலத்துக்குக் கீழப்பாவூர் போயிருக்கிறாள் என்று ஆள் திரும்பி வந்தான். பதினோரு மணிக்கெல்லாம் ஒவ்வொரு செருப்பாக வாசலைவிட்டு நகர்ந்தது. வீடு அமைதியாயிற்று.

பிறகு அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம். தண்ணீர் சிந்துகிற சத்தம். கருகின வாடை.

"உங்க மாமா பொங்குதாகட்டி!" முத்துவடிவுக்கு உட்காரமுடியவில்லை. "பெரிய பானையை வச்சிருப்பாக. அது அடிப் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். உக்காருங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு வல்லிநாயகம் பிள்ளை பின்னறை வாசலுக்கு வந்தார். வேட்டியெல்லாம் கரி. புருவம் கொஞ்சம் பொசுங்கியிருந்தது. இரண்டு இலையில் சோறும் மோரும். இலையைக் கீழே வைத்தார். வழக்கமாக உடனே திரும்பிவிடுகிறவர் திரும்பவில்லை. முத்துவடிவைப் பார்த்தார். விலக்கு நாளில் முகத்தைத் திருப்பித் திருப்பியே பழகினவர், அவளை வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்து எத்தனை நாளாயிற்றோ. தோள் எலும்பு இரண்டும் ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன.

"இவ எப்ப இப்படி ஆனா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"நீங்க பேப்பர் படிக்கும்போது மாமா."

பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. "அந்த டாக்டரம்மா என்ன சொன்னா? அன்னைக்கு நீ முழுசாச் சொல்லல."

"நீங்க சொல்ல விடல. புத்துன்னு சொன்னாக. இப்ப எடுத்தா எடுக்கலாமாம். நாளைக்குள்ள கூட்டிட்டுப் போகணுமாம்."

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தார். விலக்கறையின் நிலைப்படி அது. அது நினைவில்லாமலே உட்கார்ந்தார். சாரல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போவோம்" என்றார் கடைசியில். பிறகு, யாரும் கேட்காமலே, "சோறு கொஞ்சம் அடிப்பிடிச்சுட்டு" என்றார்.

முத்துவடிவு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். "உப்பும் இல்ல" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் பிள்ளை மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவூர்சத்திரத்தில் வெங்காய மூட்டைக்காரர்கள் ஏறி நெருக்கினார்கள். அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். முத்துவடிவு பழக்கதோஷத்தில் ஜன்னலோடு ஒடுங்கினாள். "கம்பியில இடிச்சுக்கிடப் போற, இங்கன சாஞ்சுக்க" என்றார். ஆலங்குளத்தில் அவள் இறங்கி ஒதுங்க வேண்டியிருந்தது. கண்டக்டர் முணுமுணுத்தான். "நிக்கட்டும்வே பஸ்ஸு. உடம்பு சரியில்லாத பொம்பளை" என்று பிள்ளை போட்ட சத்தத்தில் பஸ்ஸே வாயை மூடிக்கொண்டது.

பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வெளிநோயாளிச் சீட்டு வாங்க நீண்ட வரிசை. முன்னால் முப்பது பேர், பின்னால் முப்பது பேர். ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஜன்னலுக்கு வந்தார்கள். உள்ளே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே கேட்டான்.

"பேரு?"

"முத்துவடிவு."

"என்ன செய்யுது?"

பிள்ளை இருமினார். சுற்றிலும் பார்த்தார். ஜன்னலுக்குள் குனிந்து, "அது வந்து... பொம்பளை சமாச்சாரம்..." என்று ஆரம்பித்தார்.

"பிரசவ வார்டு அந்தப் பக்கம். அடுத்த ஆளு!"

குழல் ஓர் அடி முன்னால் வைத்தாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் முத்துவடிவு புருஷனின் தோளை ஒதுக்கிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். பந்தியில் கடைசி இலைக்குக் கேட்கும்படி "சோறு வருது!" என்று கூப்பிடுகிற அந்தப் பெரிய குரல்தான் வந்தது.

"பொம்பளை சமாச்சாரம் இல்ல தம்பி. மலத்தோட ரத்தம் போகுது. சளியும் போகுது. ரெண்டு வருசமா. உள்ள கட்டி இருக்குன்னு தென்காசி டாக்டரம்மா எழுதிக் குடுத்திருக்கா. எழுதிக்கோ."

வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. பிள்ளை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸை மும்முரமாகப் படித்தார். குமாஸ்தா இப்போதுதான் தலையைத் தூக்கினான். சீட்டை வாங்கிப் பார்த்தான். எழுதினான்.

"சர்ஜரி. நாலாம் நம்பர் ரூம். நேராப் போயி எடது கைப்பக்கம்."

முத்துவடிவு சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகினாள். குழலின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நான்கு எட்டு வைத்திருப்பாள். பின்னால் யாரோ செருமினார்கள்.

தலைப்பாகை கட்டின ஒரு ஆள். கருத்த, கட்டுமஸ்தான உடம்பு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் உழுகிற சம்சாரி போல் இருந்தான். இவ்வளவு நேரமும் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்று, காய்ச்சல் சீட்டு வாங்க வந்திருப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"தாயி," என்றான், மிகவும் தணிந்த குரலில். "எத்தனாம் நம்பர் ரூம்னு சொன்னாக?"